கையில் ஒட்டிய பிளாஸ்டர்

என் வயித்துல இடது பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. ஆஸ்பத்திரியில போட்டது. மலம் அது வழியாத்தான் வருது. அதுக்கு மேல ஒரு பை. இப்ப உங்க முன்னாடி நிக்கும்போதும் அந்தப் பை என் சேலைக்குள்ளதான் இருக்கு. முகத்தைச் சுளிக்கிறவங்க இப்பவே சுளிச்சுக்குங்க. அப்புறம் நிம்மதியா உட்கார்ந்து கேளுங்க.

வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் வாரம் ஒருத்தர் எந்திரிச்சு, ஆத்தா தனக்குச் செஞ்சதைச் சொல்றோம். இந்த வாரம் நீ பேசு பவுனுன்னு சொல்லிட்டாங்க. நான் பேசினா இனிப்பா இருக்காது. நான் கோபக்காரி. ஆத்தாளுக்கும் அது தெரியும். அவகிட்ட நான் கையேந்திக் கேட்டு வாங்கல. சண்டை போட்டு வாங்கினேன்.

நான் பீடோர் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. சின்ன வயசுலயே கத்தியைக் கையில கொடுத்துட்டாங்க. இருபது வருசத்துக்கு மேல பால்மரம் வெட்டினேன். அப்புறம் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்தாங்க. நாங்க குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னாங்க. நானும் எங்க வீட்டுக்காரர் சுப்பையாவும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்ல ஒரு பலகை வீட்டுல குடியேறினோம். அவருக்கு நகரசபையில சாக்கடை சுத்தம் பண்ற வேலை. எனக்குச் சட்டை தைக்கிற கிலாங்ல, அதான் ஃபேக்டரியில, நூல் வெட்டுற வேலை. ஒரே மக செல்வி. அவளைச் சிலிம் ரிவர் டவுன்ல கட்டிக் கொடுத்துட்டோம்.

எழுபதுகளோட கடைசி அது. தீபாவளி கழிஞ்ச மறுவாரம். நாலு நாளா எனக்கு வெளிய போகல. வயிறு பானை மாதிரி ஊதிப்போச்சு. வலி தாங்காம பல்லைக் கடிச்சு உதடே கிழிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. குடல்ல கட்டின்னு சொல்லி அன்னிக்கே அறுத்துட்டாங்க.

முழிச்சுப் பாக்கிறேன், வயித்துல செவப்பா ஒரு சதை வெளிய தெரியுது. அதுக்கு மேல ஒரு கறுப்பு ரப்பர் பை. ‘இனிமே இப்படித்தான், கீழ்க்குடலை எடுத்தாச்சு’ன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டாரு. அவசரம், உயிரைக் காப்பாத்தினாங்க, அதுக்கு நன்றி இருக்கு. ஆனா என் உடம்புல ஓட்டை போட்டதை எனக்கு நின்னு சொல்ல அஞ்சு நிமிசம் யாருக்கும் இல்ல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

வீட்டுக்கு வந்த முதல் நாள் எங்க வீட்டுக்காரரைப் பாத்து அழுதேன். “உங்களுக்கு என் பக்கத்துல உட்காரவே அருவருப்பா இருக்கும்லா?”

அவரு சிரிச்சாரு. “நாத்தம் எனக்குப் புதுசா? நாள் பூரா சாக்கடையில நிக்கிறவன்லா நான். தள்ளி உட்காரு, எனக்கு எடம் இல்ல.”

அந்த மனுசன் அப்படி இருந்ததாலதான் நான் கிணத்தைத் தேடிப் போகல.

பையை வயித்துல நிக்க வைக்க ஒரு பசை தடவணும். அது மேல சுத்தி நாலு பக்கமும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டணும். முதல் மாசம் ஒண்ணும் இல்ல. சரி, இதோட வாழ்ந்துடலாம்னு நினைச்சேன். பொங்கல் நேரத்துல அரிப்பு ஆரம்பிச்சுது. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் செவந்துச்சு. அப்புறம் சின்னச் சின்னக் கொப்புளம். கொப்புளம் உடைஞ்சு தண்ணி வடிய ஆரம்பிச்சுது. ஒவ்வொரு நாளும் பிளாஸ்டரை உரிக்கும்போது தோலும் சேந்து உரிஞ்சு வரும். பச்சை ரணத்து மேலயே மறுபடியும் பசை, மறுபடியும் பிளாஸ்டர். அந்த எரிச்சலைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்ல. மெளகாய் அரைச்ச கையைக் கண்ணுல வச்சுப் பாருங்க. அதை நாள் முழுக்க வயித்துல வச்சுக்குங்க.

செவ்வாய்க்கிழமை ஆனா ஆஸ்பத்திரி கிளினிக். அங்க ஒரு மிஸ்ஸி இருந்தாங்க, நர்சம்மா. பரமேஸ்வரி மிஸ்ஸி. சிலோன் தமிழங்க. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, காலுல வெள்ளைச் சப்பாத்து, கழுத்துல சின்னதா ஒரு கடிகாரம். அவங்க பேசினா எனக்கு எப்பவும் பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.

“பவுனம்மா, ஒழுங்காக் கழுவ வேணும். மலம் பட்டால் தோல் புண்ணாகும். சோப் போட்டுக் கழுவும்.”

கழுவினேன். நாளைக்கு ரெண்டு தடவ கழுவினவ நாலு தடவ கழுவினேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். அவங்க கொடுத்த ஸ்பிரிட்டை ஊத்தித் துடைச்சேன். ஊதா மருந்து தடவினேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாச்சு. ரணமான தோல்ல பிளாஸ்டர் ஒட்டாதுலா. ஈரத்துல நழுவும். நழுவினா பை கழண்டுக்கும். பை கழண்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கிலாங்ல ரெண்டு தடவ அப்படி ஆச்சு. மொத தடவ சூப்பர்வைசர் என் ஸ்டூலைத் தூக்கிக் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல போட்டாரு. மறு தடவ, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாரு. என் கூடவே சாப்பிட்ட பொம்பளைங்க எட்டுப் பேரு. ஒருத்தியும் தலையைத் தூக்கல. எல்லாரும் மும்முரமா நூல் வெட்டிக்கிட்டு இருந்தாளுங்க.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். வைகாசியில என் மகளுக்கு வளைகாப்பு வந்துச்சு. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

காலையில மூணு தடவ கழுவி, புதுப் பை போட்டு, வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு பிளாஸ்டர் ஒட்டி, அது மேல துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டுத்தான் சிலிம் ரிவருக்குப் பஸ் ஏறினேன். வழி பூரா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. செல்வி நாற்காலியில உட்கார்ந்திருந்தா. பச்சைப் பட்டு. ஏழு மாசம். எனக்கு என் வலி எல்லாம் மறந்துபோச்சு. சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவ கன்னத்துல தடவக் குனிஞ்சேன். குனிஞ்சப்ப பிளாஸ்டர் இழுத்துச்சு. ரணத்துல இருந்து அப்படியே பிச்சுக்கிட்டு வந்துடுச்சு.

வாடை எனக்கு முன்னாடியே அங்க இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சம்பந்தியம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து, என் கையில இருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கிட்டாங்க. வாங்கல, புடுங்கினாங்க. “நீங்க போய்ப் பின்னால இருங்க”ன்னாங்க. என் மக நாற்காலியை விட்டு எந்திரிச்சா. கையைப் புடிச்சு உட்கார வச்சுட்டாங்க. நான் பின்பக்கக் குழாயடியில சேலையை அலசிக்கிட்டு இருக்கும்போது, முன்னால என் மக கையில வளையல் ஏறுற சத்தம் கேட்டுச்சு.

பெத்தவ நான். ஒரு வளையல்கூட என் கையால போடல.

அடுத்த கிளினிக்குல ரணத்தைக் காட்டினேன். அன்னிக்குப் பெஞ்சு நிறைய ஆளுங்க. என்னை மாதிரியே பை வச்சிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரு, ஒரு சீனத்தி, இன்னும் நாலஞ்சு பேரு. நடுவுல பேருக்கு ஒரு துணித்திரை. அதுவும் பாதிதான் மூடும்.

மிஸ்ஸி பாத்துட்டு நெத்தியைச் சுருக்கினாங்க. “இதென்ன, போன முறையைவிட மோசமாயிருக்கு. நீர் கழுவிறேல்லைப் போல.”

“நாளைக்கு நாலு தடவ கழுவறேன் மிஸ்ஸி.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. சுத்தமா வச்சிருந்தா ஏன் இப்பிடி வருது?”

சொல்லிட்டு, மருந்து எடுத்துக் கொடுக்கிற பையன்கிட்ட திரும்பி மலாய்ல என்னமோ சொன்னாங்க. அதுல ஒரு வார்த்தை எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கோத்தோர். அழுக்குன்னு அர்த்தம். தமிழ்ல சொன்னது பத்தாதுன்னு, பெஞ்சில இருந்த எல்லாருக்கும் புரியிற மாதிரி மலாய்லயும் சொல்லிட்டாங்க. அந்த மலாய்க்காரப் பெரியவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஊதா மருந்தை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஆடி மாசம் வந்துச்சு. மொத வெள்ளி. இந்த இடத்துலதான், இதோ இந்தப் படியிலதான். மாணிக்கம் அண்ணே, நீங்க அங்கதான் உட்கார்ந்திருக்கீங்க, எனக்குத் தெரியுது. உங்களை வச்சுக்கிட்டே சொல்றேன். முதுகுக்குப் பின்னால பேசுற பழக்கம் எனக்கு இல்ல.

கோயில் கமிட்டியில அண்ணே அப்பவே பெரிய ஆளு. படியில கால வைக்கப் போனேன். வந்து குறுக்க நின்னாரு.

“பவுனு, கோவிச்சுக்காதம்மா. நாலு பேரு வந்து சொல்றாங்க. மலத்தை ஒடம்புல கட்டிக்கிட்டு உள்ள வந்தா தீட்டு. வெளிய நின்னு கும்பிட்டா ஆத்தா ஏத்துக்க மாட்டாளா?”

எங்க வீட்டுக்காரரு முன்னால வந்தாரு. அவரு சத்தமாப் பேசி நான் அதிகம் கேட்டதில்ல. “நான் சாக்கடையிலயே நிக்கிறேன். என்னை ஒரு நாளும் தடுக்கலையே அண்ணே?”

“நீ குளிச்சுட்டு வாரே சுப்பையா. அது வேற, இது வேற.”

நீங்க எல்லாரும் அன்னிக்கு இங்கதான் இருந்தீங்க. கூழ் ஊத்திக்கிட்டு இருந்தீங்க. யாராச்சும் ஒருத்தர் ‘விடுங்கண்ணே’ன்னு சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லல. கேட் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வெளியவே நின்னேன். தீபாராதனை காட்டினாங்க. தூரத்துல வெளிச்சம் தெரிஞ்சுது. ஆத்தா முகம் தெரியல.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம். எங்க வீட்டுக்காரரு ஓவர்டைம் போயிட்டாரு. பையை மாத்துறதுக்காகப் பிளாஸ்டரை உரிச்சேன். ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்ல. ரத்தமும் தண்ணியுமா இருந்துச்சு. குளிச்சுட்டுச் சாமி படத்துக்கு முன்னால போய் நின்னேன். விளக்கு ஏத்தல. கையெடுக்கல. வாயில வந்ததை எல்லாம் பேசினேன்.

“ஏன்டி, உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? தோட்டத்துல இருந்தப்ப வருசா வருசம் உனக்குத் தீச்சட்டி எடுத்தேன்லா? கை கொப்புளிச்சுதா? இல்ல. நெருப்பைக் கையில வச்சப்ப காப்பாத்தினவ, ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டினா என்னைக் கொல்றியே? குடலை எடுத்தாங்க, போகட்டும்னு இருந்தேன். வேலை போச்சு, போகட்டும்னு இருந்தேன். மக வளைகாப்புல என்னைக் குழாயடிக்குத் துரத்தினாங்க. அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்த? இப்ப உன் வாசல்லயே எனக்கு எடம் இல்லன்னு சொல்றாங்க. நீ பேசாம உள்ள உட்கார்ந்திருக்க.”

அழல. அழுகை வரல.

“நான் கழுவறது உனக்குத் தெரியும். இந்த ஈப்போவுல வேற யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். நாலு தடவையும் நீ பாத்திருக்க. எனக்கு நீ சுகம் கொடுக்க வேணாம். நான் கேக்கல. நான் அழுக்கு இல்லன்னு நீ வந்து சாட்சி சொல்லு. சொல்ல முடியலன்னா இந்த வீட்டுல உனக்குப் படமும் இல்ல, பூவும் இல்ல.”

சொல்லிட்டுக் கையில இருந்த பிளாஸ்டர் ரோலைத் தூக்கி அவ மேலயே வீசினேன். கண்ணாடியில பட்டு, ஓரத்துல விரிசல் விட்டுச்சு. ரோல் கீழ விழுந்து உருண்டு என் கால்கிட்டயே வந்து நின்னுச்சு.

அதைக் குனிஞ்சு எடுத்தேன். என் கை கண்ணுல பட்டுச்சு. இப்பத்தான் குளிச்ச கை. உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேல, தோல் வெள்ளரிக்காய் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. ஒரு புண்ணு இல்ல, ஒரு கீறல் இல்ல. அப்ப ஒரு நினைப்பு வந்துச்சு. இந்தக் கையில என்ன அழுக்கு இருக்கு?

அது என் நினைப்பா, அவ கொடுத்த நினைப்பான்னு என்கிட்டக் கேக்காதீங்க. ஒரு கூறுகெட்ட கோபத்துல நின்னவளுக்கு அவ்வளவு தெளிவா ஒரு யோசனை தானா வராதுன்னு மட்டும் எனக்குத் தெரியும். ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். கையில ஒட்டினேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுக்கடியில எறும்பு ஊர ஆரம்பிச்சுது. எனக்குத் தெரிஞ்ச எறும்பு. பொங்கல்ல இருந்து வயித்துல ஊர்ற அதே எறும்பு.

திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரரு பாத்துட்டார். “என்ன இது, சொறிஞ்சுக்கிட்டே இருக்க? புடுங்கிப் போடு.”

“தொடாதீங்க. சாட்சி வந்துக்கிட்டு இருக்கு.”

இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நினைச்சாராம். அப்புறமா சொன்னாரு.

செவ்வாய்க்கிழமை காலையில கிளினிக். அதே பெஞ்சு. அந்த மலாய்க்காரப் பெரியவரும் இருந்தாரு. என் பேரைக் கூப்பிட்டதும் போனேன். திரைக்குப் பின்னால போகல. திரைக்கு முன்னாலயே நின்னு கையை நீட்டினேன்.

“மிஸ்ஸி, இது என்ன?”

“கை. ஏன் கத்துறீர்? உள்ள வந்து படும்.”

“படுக்க மாட்டேன். இது கை. சரி. இதுல ஓட்டை இருக்கா? இது வழியா எனக்கு மலம் வருதா?”

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. மிஸ்ஸிக்கு முகம் செவந்துபோச்சு. நான் பிளாஸ்டர் முனையைப் புடிச்சு ஒரே இழுப்பா உரிச்சேன். அடியில நாலு மூலையும் அளந்து வெட்டின மாதிரி ஒரு கட்டம். செக்கச்செவேர்னு. அதுக்குள்ள பூராவும் சின்னச் சின்னக் கொப்புளம். கட்டத்துக்கு வெளிய ஒரு மயிரிழை தள்ளி, என் தோல் சுத்தமா இருந்துச்சு.

“நீங்க கொடுத்த பிளாஸ்டருதான். சனிக்கிழமை ஒட்டினேன். சொல்லுங்க மிஸ்ஸி. இது யாரு அழுக்கு?”

மிஸ்ஸி என் கையைப் புடிச்சுச் சன்னல் பக்கம் கொண்டுபோனாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் திரைக்குப் பின்னால என்னைக் கூட்டிட்டுப் போய், வயித்துல இருந்ததை உரிச்சு அதையும் பாத்தாங்க. இந்தத் தடவ நெத்தியைச் சுருக்கல. ஓட்டைக்குப் பக்கத்துல இருந்த தோலை விரலால தொட்டாங்க. அங்க அவ்வளவு ரணம் இல்ல. ரணம் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டின இடத்துலதான்.

“பெட்டி மாதிரி இருக்கு” அப்படின்னு மெதுவாச் சொன்னாங்க. “மலம் பட்டுப் புண் வந்தால் ஓட்டையைச் சுத்தித்தான் வரும். இப்பிடிப் பெட்டி மாதிரி வராது. இத்தனை மாசம் நான் இதை வடிவாப் பார்க்கேல்லை. புண்ணைத்தான் பார்த்தனான், அதின்ர உருவத்தைப் பார்க்கேல்லை. பவுனம்மா, பிழை என்ர. நீர் சுத்தமாத்தான் வச்சிருக்கிறீர். என்னை மன்னிக்க வேணும்.”

பெரிய படிப்புப் படிச்சவங்க. கண்ணு கலங்கிடுச்சு. வேற யாராச்சும் இருந்தா அதோட விட்டிருப்பாங்க. நான் விடல.

“அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க. இன்னிக்குத் திரைக்குள்ள சொன்னா எனக்குப் பத்தாது.”

மிஸ்ஸி என்னைப் பாத்தாங்க. உடுப்பை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டாங்க. திரையை முழுசா ஒதுக்கிவிட்டு, பெஞ்சுக்கு முன்னால போய் நின்னாங்க. என் தோள்ல கையை வச்சாங்க. மலாய்ல சொன்னாங்க. “டியா பெர்சிஹ். சாயா யாங் சாலா.” இவங்க சுத்தமானவங்க, தப்பு என்னோடதுன்னு அர்த்தம்.

அந்த மலாய்க்காரப் பெரியவரு எந்திரிச்சாரு. சட்டையைத் தூக்கினாரு. அவரு வயித்துலயும் அதே மாதிரி ஒரு கட்டம், செக்கச்செவேர்னு.

நான் சாட்சி கேட்டேன். எனக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லன்னு நினைச்சேன். ஆத்தா யாரைக் கொண்டுவந்து நிறுத்தினா பாருங்க. என்னை அழுக்குன்னு சொன்ன வாயாலயே சுத்தம்னு சொல்ல வச்சா.

அதுக்கப்புறம் மிஸ்ஸி தோல் டாக்டர்கிட்ட அவங்களே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. முதுகுல அஞ்சு சின்னச் சின்னத் துண்டு ஒட்டினாங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேனாவால கோடு போட்டாங்க. ரெண்டு நாள் முதுகுல தண்ணி படாம இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்தப்ப பிளாஸ்டர் இருந்த இடம் செவப்பு. பசை இருந்த இடம் செவப்பு. பையோட ரப்பரை வெட்டி வச்ச இடமும் செவப்பு.

டாக்டர் கேட்டாரு. “நீங்க ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவங்களா? அப்ப கையில ஏதாச்சும் வந்துச்சா?”

“இருபது வருசம் அந்தப் பால்லயே கையை ஊற வச்சிருக்கேன் டாக்டர். ஒண்ணும் வரல.”

மரத்துப் பால் உங்களை ஒண்ணும் செய்யல, அதைப் பையா மாத்தும்போது கிலாங்ல ஏதேதோ மருந்து கலக்கிறாங்க, அதுதான் உங்க ஒடம்புக்கு ஆகலன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. விடியக் காலையில பனியில நின்னு நான் வெட்டின பாலு, எங்கெங்கயோ போய் எவன் எவனுக்கோ லாபமாகிட்டு, எனக்குத் திரும்பி வரும்போது இப்படியா வரணும்?

முதுகுல செவக்காம இருந்தது ரெண்டு துண்டு. ஒண்ணு சாதாரணப் பிளாஸ்டிக். இன்னொண்ணு ஒரு பிசின். இந்தியாவுல ஏதோ ஒரு மரத்துல எடுக்கிற பிசினாம். அதை வளையம் மாதிரி செஞ்சு வெளிநாட்டுல விக்கிறாங்க. தோல்ல வச்சா, ஈரத்துலயே தானா ஒட்டிக்கும். பசை வேணாம், பிளாஸ்டர் வேணாம். பையை இடுப்புல பெல்ட்டுப் போட்டுக் கட்டிக்கலாம். ஆனா அந்த வளையம் இங்க கிடைக்காது. மிஸ்ஸி கோலாலம்பூருக்கு எழுதினாங்க. பதில் வரல. மறுபடி எழுதினாங்க. அந்த விசயத்துல அவங்க என்னைவிடக் கோபக்காரியா ஆகிட்டாங்க.

வளையம் வர்ற வரைக்கும் வயித்துல எதையும் ஒட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தண்ணி மாதிரி ஒரு மருந்து கொடுத்தாங்க. சோப்பு வேணாம், ஸ்பிரிட்டு வேணாம், வெறும் தண்ணியில கழுவி ஒத்தி எடுத்தா போதும்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை லீவுல, புந்தோங்ல எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்துட்டாங்க. சேலை கட்டியிருந்தாங்க. முதல்ல எனக்கு அடையாளமே தெரியல. எங்க வீட்டுக்காரரோட பழைய வேட்டியைக் கிழிச்சு, நானும் அவங்களும் தரையில உட்கார்ந்து இடுப்புப் பட்டை தைச்சோம். அவங்களுக்கு ஊசி பிடிக்க நல்லா வந்துச்சு, பாய்ல கால மடக்கி உட்காரத்தான் வரல. என் வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க.

ரெண்டே வாரத்துல ரணம் காய ஆரம்பிச்சுது. மூணாவது வாரம் புதுத் தோல் வந்துச்சு, இளஞ்செவப்பா, பொறந்த குழந்தைத் தோல் மாதிரி. அந்த நேரத்துலதான் செல்விக்குப் பிள்ளை பொறந்துச்சுன்னு தகவல் வந்துச்சு. பொம்பளப் பிள்ளை. முப்பது நாள் கழிச்சு அவளே தூக்கிக்கிட்டு வந்தா, மாமியாரைக் கேக்காமலே பஸ் ஏறி வந்துட்டா. என் மடியில போட்டா. பிள்ளை என் வயித்துல காலை வச்சு உதைச்சுது. எனக்கு வலிக்கல. எட்டு மாசத்துக்கப்புறம் முதல் தடவையா வயித்துல ஒண்ணு பட்டு எனக்கு வலிக்கல. அப்பத்தான் நான் அழுதேன்.

சம்பந்தியம்மாவை நான் இன்னும் மன்னிக்கல. முயற்சி பண்றேன். முடியல. இருக்கிறதைத்தான சொல்லணும்.

கார்த்திகையில வளையம் வந்துச்சு. அதைப் போட்டுக்கிட்ட முதல் வெள்ளிக்கிழமை நான் போன இடம் இதுதான். அண்ணே மறுபடியும் படியில நின்னாரு. இந்தத் தடவ எனக்கு வாய் அடைக்கல.

“அண்ணே, நீங்க மலத்தை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு உள்ள நிக்கிறீங்க. நான் வெளிய வச்சிருக்கேன். நான் மூடிக் கட்டியிருக்கேன், கழுவிட்டு வந்திருக்கேன். இதுல எது தீட்டு? எனக்குச் சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போயிடுறேன்.”

பூசாரி உள்ள இருந்து எட்டிப் பாத்தாரு. “நேரமாகுது மாணிக்கம், வர்றவங்களை வரவிடு” அப்படின்னாரு. அண்ணே நகந்துட்டாரு. நான் நேரா முன் வரிசைக்குப் போனேன். எனக்கு ரெண்டு பக்கமும் யாரும் நிக்கல. பரவாயில்ல, நல்லாக் காத்து வந்துச்சு. தீபாராதனை காட்டும்போது ஆத்தா முகத்தை நேருக்கு நேராப் பாத்தேன். நன்றின்னு சொல்ல வந்தேன். வாயில அது வரல. “இவ்வளவு நாளாச்சா உனக்கு?”ன்னுதான் வந்துச்சு. அவளுக்குப் புரியும்.

இது நடந்து அஞ்சாறு வருசம் ஆச்சு. அண்ணே இன்னமும் நான் வந்தா ரெண்டு அடி தள்ளித்தான் நிக்கிறாரு. நிக்கட்டும். உங்கள்ல பல பேரு இப்ப என் பக்கத்துலயே நிக்கிறீங்க. அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கிலாங் வேலைக்கு நான் திரும்பிப் போகல. காலையில பலகாரம் போட்டு விக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வியாபாரம் கிடையாது. அன்னிக்குக் கிளினிக் பெஞ்சுல போய் உட்கார்ந்துக்குவேன். மிஸ்ஸி வேற ஊருக்கு மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாத்தையும் கத்துக் கொடுத்துட்டாங்க. புதுசா யாராச்சும் தமிழாளுங்க பையோட வந்தா, பக்கத்துல போய் உட்கார்ந்து பேசுவேன். போன மாசம் ஹுத்தான் மெலிந்தாங்ல இருந்து ஒரு மீன்காரப் பொம்பள வந்திருந்தா. என்னை நிமிந்தே பாக்கல. “அக்கா, நான் நல்லாத்தான் கழுவறேன்”னு சொன்னா. நான் ஒண்ணுமே கேக்கல, அதுக்குள்ள சொல்றா. யாரோ அவளை ஏற்கனவே கேட்டிருக்காங்க.

“தெரியும் தங்கச்சி, உள்பக்கக் கையைக் காட்டு”ன்னேன்.

ஒட்டிப் பாத்ததுல, அவளுக்கு ரப்பரு ஒத்துக்குது, பிளாஸ்டருதான் ஆகல. ஒவ்வொரு ஒடம்பும் ஒரு மாதிரி. அதனால புதுசா எதைக் கொடுத்தாலும் முதல்ல கையில ஒரு துண்டு ஒட்டி ரெண்டு நாள் பாருங்க. செவந்தா, அரிச்சா, ஆஸ்பத்திரியில போய்க் கையைக் காட்டிக் கேளுங்க. நீங்களா மருந்து போட்டுக்காதீங்க. அவங்க காதுல வாங்கலன்னா, மறுபடியும் கேளுங்க.

ஆத்தாகிட்ட போறவங்க எல்லாம் நல்ல சேலை கட்டி, பூ வச்சு, நல்ல வார்த்தையா எடுத்துக்கிட்டுப் போறீங்க. போங்க. ஆனா நெஞ்சுல நெருப்பு இருந்தா அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. அவ பயந்துட மாட்டா. நான் அவ படத்தையே உடைச்சேன். அவ என்னை விடல. பொய்யாக் கும்பிடுறதுக்கு, மெய்யாத் திட்டலாம். அதுவும் அவளை நம்புறதுதான். இல்லாத ஆளுகிட்ட யாராச்சும் சண்டை போடுவாங்களா?

இத்தனை பேரு இங்க உட்கார்ந்திருக்கீங்க. இதுல யாரோ ஒருத்தர் வீட்டுல, அம்மாவுக்கோ, புருசனுக்கோ, ஏன், உங்களுக்கேகூட, இந்த மாதிரி ஒண்ணு இருக்கும். ரூம்புக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தியிருப்பீங்க. நல்ல நாளு பெரிய நாளுக்கு அவங்களை விட்டுட்டு வந்திருப்பீங்க. இப்பவும் தரையைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்.

பிரசாதம் வாங்கிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன். காதுகிட்ட வந்து கிசுகிசுன்னு பேசாதீங்க, எனக்குப் பிடிக்காது. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. எனக்கு வெக்கம் இல்ல. அவளுக்கும் இல்ல.